பிழைத்தால் வாடகை, செத்தால் விலை

கேள்வி: சினிமாவில் காட்டுவதுபோல ரோமானிய கிளாடியேட்டர்கள் (கூட்டத்தின் முன் ஆயுதத்தோடு மோதியவர்கள்) எல்லாரும் சண்டையில் செத்துப்போகவில்லையாம். நல்ல சாப்பாடு, தனி வைத்தியர், முறையான பயிற்சி, ரசிகர் கூட்டம் எல்லாமே இருந்ததாம். சிலர் விரும்பியே சேர்ந்தார்களாம். அப்படியென்றால் இந்தக் காலத்துக் குத்துச்சண்டை வீரர்களைப் போல அவர்களும் கொடுத்து வைத்தவர்கள்தானே? (வாசகர், ஈரோடு)

பதில்: நீங்கள் படித்த தகவல்கள் பெரும்பாலும் சரி. அவற்றை வைத்து வந்து சேர்ந்த முடிவுதான் தப்பு. முதலில் சரியானதைச் சரி என்று சொல்லிவிடுகிறேன்.

இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்துபோன பொம்பெயி நகரத்துச் சுவர்களில் சண்டை முடிவுகளைக் கீறி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எழுத்து. 'வி' என்றால் வென்றான். 'எம்' என்றால் தோற்றான், ஆனால் உயிரோடு விட்டார்கள். 'பி' என்றால் செத்தான். இதில் 'எம்' கணிசமாகவே இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஐந்து சண்டைக்கு ஒரு சாவு என்ற அளவில் இருந்திருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. கையில் நீளக் கம்போடு நடுவர் நிற்பார். முடியாதவன் விரலை உயர்த்தினால் சண்டையை நிறுத்துவார். அவனை விடுவதா கொல்வதா என்பதை, கூட்டம் போடுகிற கூச்சலைக் கேட்டுவிட்டு, காட்சியை நடத்துகிற பிரமுகர் தீர்மானிப்பார்.

அடுத்தது சாப்பாடு. 'நல்ல சாப்பாடு' என்கிறீர்கள். ரோமானியர்கள் இவர்களுக்கு வைத்த பட்டப்பெயரே 'பார்லிக்காரர்கள்'. மாட்டுக்கும் குதிரைக்கும் போடுகிற தானியம் பார்லி. அதோடு மொச்சை போன்ற பயறு. 1993-ல் துருக்கியின் எபேசஸில் ஒரு கிளாடியேட்டர் இடுகாட்டைக் கண்டுபிடித்தார்கள். 60-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள், பெரும்பாலும் 20-லிருந்து 30 வயதுக்குள் செத்த ஆண்கள். அந்த எலும்புகளைச் சோதித்து 2014-ல் வந்த ஆய்வும் தானியமும் பயறும்தான் பிரதான உணவு என்கிறது. சாதாரண ஊர்க்காரர்களைவிட இவர்கள் எலும்பில் ஸ்ட்ரான்ஷியம் என்ற தாது மட்டும் மிக அதிகம். அது சாம்பல் தண்ணீரால் வந்திருக்கும் என்கிறார்கள். அடுப்புச் சாம்பலைக் கரைத்துக் குடித்தால் உடம்பு தேறும், சண்டை முடிந்த கிளாடியேட்டர்களைப் பாருங்கள் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதி வைத்திருக்கிறார். சத்துள்ள சாப்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தட்டில் போட்டவன் எதற்காகப் போட்டான் என்று பார்க்க வேண்டும். இந்தச் சாப்பாட்டில் உடம்பு இறுகாது, சதை போடும். தோலுக்கு அடியில் கொழுப்பு கொஞ்சம் இருந்தால் கத்தி கீறும்போது ரத்தம் கொட்டும், பார்க்கிறவனுக்குத் திருப்தி, உள்ளே நரம்புக்குச் சேதம் குறைவு. இது எபேசஸ் எலும்புகளை ஆராய்ந்தவர்களின் கருத்து.

தனி வைத்தியரும் உண்மை. கி.பி. 157-ல், இன்றைய துருக்கியில் உள்ள பெர்கமத்தில் கிளாடியேட்டர்களுக்கு வைத்தியராகச் சேர்ந்தவர் சாதாரண ஆள் இல்லை, பிற்காலத்தில் பெரும் புகழ்பெற்ற கிரேக்க மருத்துவர் காலன் (Galen). அப்போது அவருக்கு 28 வயது இருக்கும். காயத்தின் மேல் ஒயினில் நனைத்த துணியைப் போட்டு, காயாமல் பார்த்துக்கொண்டார். தனக்கு முன்னால் இருந்தவர்களைவிடத் தன்னிடம் சாவு வெகுவாகக் குறைந்தது என்று அவரே பெருமையாக எழுதியிருக்கிறார். இவர்கள் தின்ற மொச்சைக் கஞ்சியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அது பன்றி இறைச்சியைப் போலச் சதையை இறுகச் செய்யாது, தளர வைத்துவிடும் என்பது அவர் குறை.

இவ்வளவு கவனிப்பும் ஏன் என்பதற்கான பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட நிபுணர் காயஸ் தன் மாணவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறார். கிளாடியேட்டர்களை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கிறார். காயமில்லாமல் திரும்பி வருகிறவனுக்கு ஆளுக்கு 20 தினாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு). செத்தவனுக்கும் ஊனமானவனுக்கும் ஆளுக்கு 1000. இது விற்பனையா, வாடகையா? முழுசாகத் திரும்பினால் வாடகை, செத்தாலோ ஊனமானாலோ விற்பனை என்பதே சரியான கருத்து என்று முடிக்கிறார். நம் ஊரில் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்கிறோமே, அதே கணக்கு. திருப்பிக் கொடுத்தால் வாடகை, உடைத்தால் முழு விலை. ஒன்றுக்கு ஐம்பது மடங்கு. இதைப் படித்துவிட்டு மறுபடி அந்தப் பார்லியையும் காலனின் ஒயின் துணியையும் நினைத்துப் பாருங்கள். பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைப்பது பாத்திரத்தின் மேல் உள்ள பாசத்தாலா?

பயிற்சியும் அப்படித்தான். கூடத்துக்கு 'லூடஸ்' என்று பெயர். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மரக் கம்பம் நட்டிருக்கும். மரக்கத்தியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதைக் குத்த வேண்டும், தலைக்கு ஒன்று, விலாவுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, உடனே பின்வாங்கு, மறுபடி. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் தனி வாத்தியார். முறை அவ்வளவு பக்காவாக இருந்ததால் கி.மு. 105-ல் ரோமானியத் தளபதி ருட்டிலியஸ் தன் படைவீரர்களுக்குக் கத்தி சொல்லித்தர இந்த வாத்தியார்களைத்தான் அழைத்து வந்தார். ஆனால் கூடத்தில் நிஜ ஆயுதங்கள் அவர்கள் கைக்கு எட்டாது. கி.மு. 73-ல் இத்தாலியின் காப்புவா கூடத்திலிருந்து, பின்னாளில் அடிமைகளின் கலகத்துக்குத் தலைமை தாங்கிய ஸ்பார்டகஸும் எழுபது பேர் அளவில் மற்றவர்களும் தப்பியபோது கையில் இருந்தது என்ன தெரியுமா? சமையலறைக் கத்தியும், இறைச்சி குத்திச் சுடுகிற கம்பியும். கத்திச் சண்டையே தொழிலான ஆட்களுக்குச் சொந்தமாக ஒரு கத்தி கிடையாது.

சண்டையில் எனக்கு மறக்காதது செகுட்டோர் என்ற வகை கிளாடியேட்டரின் தலைக்கவசம். அவனுக்கு எதிரி வலைக்காரன், வலையும் முள்ளீட்டியும் (மூன்று முனை ஈட்டி) வைத்துச் சண்டை போடுகிறவன். வலை மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகக் கவசத்தை முட்டை மாதிரி வழவழவென்று செய்திருப்பார்கள். கண்ணுக்கு நேரே இரண்டு சின்ன ஓட்டை. முள்ளீட்டியின் முனை உள்ளே நுழைந்துவிடக் கூடாதே. அந்த ஓட்டை வழியாகத்தான் அவன் உலகத்தையே பார்க்க வேண்டும். மூச்சுவிட இடம் போதாது. வலைக்காரன் ஓடி ஓடி நேரத்தை இழுத்தாலே போதும், உள்ளே இருப்பவன் திணறிவிடுவான். வலைக்காரனுக்கோ தலைக்கவசமே கிடையாது, முகம் திறந்து கிடக்கும். விழுந்துவிட்டால், குறிப்பாக வலைக்காரர்களாக இருந்தால், கழுத்தை அறுக்கச் சொல்வாராம் பேரரசர் கிளாடியஸ், உயிர் போகும்போது முகத்தைப் பார்ப்பதற்காக. ரோமானிய வரலாற்றாசிரியர் சுயடோனியஸ் எழுதியிருக்கிறார். குத்துச்சண்டையோடு ஒப்பிட்டீர்களே, எந்தக் குத்துச்சண்டையில் இதற்கு இடம் இருக்கிறது?

'விரும்பிச் சேர்ந்தவர்கள்' இருந்தார்கள்தான். பெரும்பாலும் கடனாளிகள், வழியில்லாதவர்கள். சேரும்போது ஒரு சத்தியம் செய்ய வேண்டும்: என்னைச் சுடலாம், கட்டலாம், அடிக்கலாம், இரும்பால் கொல்லலாம். அந்த நிமிஷமே ஊரில் மானம் மரியாதை போய்விடும், சட்டப்படியே போய்விடும். நன்றாகச் சண்டை போட்டு விடுதலைக்கு அடையாளமான மரக்கத்தியைப் பெற்று வெளியே வந்தவர்களும் உண்டு. கி.பி. 80-ல் ரோமின் பெரிய சண்டை அரங்கமான கொலோசியத்தின் திறப்பு விழாவில் பிரிஸ்கஸ், வேருஸ் இருவரும் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட்டார்கள், இருவருக்குமே அந்தக் கத்தி கிடைத்தது. கவிஞர் மார்ஷியல் பாடியது அவர்களைத்தான்.

இன்னொருவனைப் பற்றி ரோமானியத் தத்துவஞானி செனிகா தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரு ஜெர்மானியன். பெயர்கூட இல்லை. மிருகங்களோடு சண்டை போடப் பயிற்சி பெற்றவன். காலைக் காட்சிக்குத் தயார் செய்துகொண்டிருந்தபோது, காவலாள் கூட வராத ஒரே இடமான கழிப்பறைக்குப் போனான். அங்கே மலம் கழித்தபின் துடைப்பதற்காக வைத்திருந்த, நுனியில் கடற்பஞ்சு கட்டிய குச்சியைத் தொண்டைக்குள் திணித்துக்கொண்டு மூச்சடைத்துச் செத்தான். சாப்பாடு, வைத்தியர், வாத்தியார் எல்லாம் இருந்த கூடத்தில்தான் இது நடந்தது. கொடுத்து வைத்தவன் செய்கிற காரியமா இது?

அப்புறம், இத்தாலியில் மிலான் நகரத்தில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. உர்பிகுஸ் என்ற செகுட்டோருக்கு வைத்தது. 'முதல் கம்பம்' என்று அதில் அவன் தரம் பொறித்திருக்கிறது. பயிற்சிக் கூடத்தில் குத்துகிற அந்தக் கம்பத்தின் பெயரையே பதவிக்கும் வைத்திருந்தார்கள், அதில் முதலாவது என்றால் உச்சம். 13 சண்டை போட்டான். 22 வயதில் போய்விட்டான். கல்லை நட்டவள் மனைவி லௌரிசியா, அவனோடு ஏழு வருஷம் வாழ்ந்தவள். மகள் ஒலிம்பியாஸை அவன் விட்டுப் போனபோது குழந்தைக்கு ஐந்து மாதம். கல்லின் கடைசியில், படிக்கிறவனைப் பார்த்து ஒரு வரி: ஜெயித்தவன் தோற்றவனைக் கொன்றுவிடட்டும், எச்சரிக்கிறேன். எப்போதோ அவன் இரக்கப்பட்டு விட்டுவிட்ட ஒருவன்தான் பிறகு திரும்பி வந்து அவனைக் கொன்றிருக்க வேண்டும்.