கல்யாண ஆர்டர் எடுக்காமல், சிறு கடைகளுக்கு மட்டும் படமெடுத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிழைக்க முடியுமா?

முடியும். ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கடைகளை நம்பி முடியாது. "நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இத்தனை ஜவுளிக்கடை, பேக்கரி, ஹோட்டல் இருக்கும்போது மாதம் பத்துக் கடை கிடைக்காதா" என்று கேள்வியின் கீழே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது, நீங்கள் ஏதோ ஒரு கல்யாணக் குழுவில் இரண்டாவது கேமராவாக நின்று, விடியற்கால முகூர்த்தத்துக்கும் நள்ளிரவு ரிசப்ஷனுக்கும் இடையே முதுகு ஒடிந்து, இதைவிட்டு வெளியே வர வழி தேடுகிறவர் என்று எனக்குத் தோன்றியது. தவறாக இருந்தால் மன்னியுங்கள். நானும் அங்கிருந்து வந்தவன்தான், அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

கல்யாணப் படம் எடுப்பவர்களைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். இந்த மாவட்டத்தில் கேமராவை வைத்து வீடு கட்டியவர்களில் பெரும்பாலோர் அவர்களே. நான் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் வேலை கல்யாண மாதங்களை நம்பி இல்லை. பல ஆண்டுகளாகச் சிறு வியாபாரிகளுக்கு மட்டுமே படமெடுத்து வருகிறேன். அதில் யார் பணம் கொடுப்பார், யார் கொடுக்கமாட்டார் என்பதைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டேன். உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய பதிலும் அதுதான்.

வாடிக்கையாளர் நேரில் வந்து பொருளைத் தொட்டுப் பார்த்து வாங்குகிற கடைக்குப் படம் ஓர் அலங்காரம். திறப்பு விழாவுக்கு, ஆடித் தள்ளுபடிக்கு, கிறிஸ்துமஸுக்கு ஒரு ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த முதலாளி மோசமானவர் அல்ல, அவருக்கு அந்தப் படம் இல்லாவிட்டாலும் சேலை விற்கும் என்பதுதான் விஷயம். எனவே உங்கள் பில் அவருடைய மேசையில் எல்லாப் பில்லுக்கும் அடியில்தான் கிடக்கும். மார்த்தாண்டத்தைச் சேர்ந்த ஒரு ஜவுளிக்கடைக்கு ஓணம் விற்பனைக்காக நான் எடுத்துக் கொடுத்த படங்களுக்கான பாக்கியைக் கேட்கப் போனால் தீபாவளி கழியட்டும் என்றார்கள், தீபாவளி கழிந்து போனால் கிறிஸ்துமஸ் கழியட்டும் என்றார்கள். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி, உத்யம் என்ற அரசுத் தொழில் பதிவு உள்ள ஒருவருக்குத் தர வேண்டிய தொகையை எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் தந்தாக வேண்டும், தவறினால் வட்டி உண்டு என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அந்தப் பதிவு இலவசம், ஆதாரை வைத்து நீங்களே இணையத்தில் செய்துகொள்ளலாம், செய்துதருகிறேன் என்று காசு கேட்பவரிடம் போகாதீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோவிலிலோ திருவிழாவிலோ முகத்துக்கு முகம் பார்க்க வேண்டிய ஒருவர்மேல் எத்தனை பேர் மனு போடுவார்கள்? நான் போடவில்லை. பணம் வந்தது, வரவேண்டியதில் முக்கால் பங்கு.

வாங்குபவரை ஒருநாளும் கண்ணால் காணாத வியாபாரியின் கதை இதற்கு நேர்மாறானது. அவருக்குப் படம்தான் கடை. நம் மாவட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் வெளியே தெரிவதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள் என்பது பலருக்குப் புரிவதில்லை, ஏனென்றால் அவர்களுக்குப் பெயர்ப்பலகைகூட இருக்காது. முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய்ச் சிப்ஸும் செய்து வளைகுடாவுக்கும் சென்னைக்கும் அனுப்பும் வீடுகள், மார்த்தாண்டத்துத் தேன்காரர்கள், வெள்ளை நூலில் லேஸ் பின்னுகிற பெண்கள், வடசேரியில் கோவில் நகை செய்யும் பட்டறைகள் என்று வரிசை நீளும். எனக்குச் சோறு போடுபவர்கள் இவர்கள்தான்.

வடசேரிப் பட்டறை ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாகர்கோவில் கோவில் நகைக்குப் புவிசார் குறியீடு இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பரதநாட்டியம் ஆடுவோர் அணியும் நெற்றிச்சுட்டி, சூரியன், சந்திரன், ராக்கொடி, மாட்டல், வங்கி, ஒட்டியாணம் எல்லாம் சேர்ந்த செட்டுகளை அங்கே செய்கிறார்கள். நான் சொல்லும் பட்டறைக்காரர் அறுபதைக் கடந்தவர். அவருடைய நகைகளை வாங்குபவர்கள் சென்னையிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் நடன ஆசிரியைகள். அவருடைய மகன் பட்டறை மேசையிலேயே நகையை வைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் போனில் படமெடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பிக்கொண்டிருந்தார். சிவப்புக் கெம்புக்கல் ஒரு படத்தில் ரோஜா நிறமாகவும் அடுத்ததில் கருப்பாகவும் தெரியும். பார்சலைப் பிரித்த ஆசிரியை, நான் கேட்டது இதுவல்ல என்று திருப்பி அனுப்புவார். வெளிநாட்டுப் பார்சல் ஒன்று திரும்பி வந்தால் கூரியர் செலவும் சுங்கத் தொல்லையும் சேர்ந்து அந்தச் செட்டின் லாபத்தை விழுங்கிவிடும். என்னைக் கூப்பிட்டபோது அவர் அழகான படம் வேண்டும் என்று கேட்கவில்லை, "திரும்பி வராத படம் வேணும் தம்பி" என்றார்.

இந்த வேலையில் இரண்டு சிக்கல்கள் உண்டு. தங்க முலாம் பூசிய பரப்பு கண்ணாடிக்குச் சமம் என்பதால் அறையும் கேமராவும் நான் போட்டிருக்கும் சட்டையும் அதில் தெரியும். லென்ஸின் முன்னால் போலரைசர் என்ற வடிகட்டியை மாட்டு என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அது கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் போன்றவற்றின் பளபளப்பைத்தான் குறைக்கும், வெறும் உலோகத்தின் பிரதிபலிப்பில் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. நகையைச் சுற்றிலும் பட்டர் பேப்பர் திரை கட்டி, வெளியிலிருந்து விளக்கைப் பாய்ச்சி, விளிம்பு தெரிவதற்காகக் கருப்பு அட்டையை மெல்லிய பட்டைகளாக நறுக்கி அங்கங்கே நிறுத்துகிறேன். அந்தக் கருப்புக் கோடு விழாவிட்டால் தங்கம் வெளிறிய மஞ்சள் களிமண்ணாகத் தெரியும்.

இரண்டாவது சிக்கல் சிவப்பு. மொத்த வெளிச்சத்தின் அளவைக் கேமரா காட்டும் வரைபடம், அதாவது ஹிஸ்டோகிராம், சரியாக இருக்கும்போதே சிவப்பு மட்டும் எல்லை மீறிப் போயிருக்கும், அப்போது கல்லின் உள்ளே இருக்கும் மினுக்கம் அழிந்து பிளாஸ்டிக் பொட்டுப் போல் ஆகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு ஸ்டாப் வரை, அதாவது பாதியாகும்வரை, வெளிச்சத்தைக் குறைத்து எடுக்க வேண்டும். விளக்கும் முக்கியம். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று எல்.இ.டி. பெட்டியில் அச்சடித்திருக்கும் சி.ஆர்.ஐ. என்ற எண் எட்டு மங்கலான நிறங்களின் சராசரியே, அடர் சிவப்பு அந்தக் கணக்கில் வராது, ஆர்9 என்று தனியாகக் குறிப்பார்கள். அதைக் குறிப்பிடாத விளக்கை கெம்புக்கல்லுக்கு நான் பயன்படுத்துவதில்லை. இதெல்லாம் எதற்கு, எடிட்டிங்கில் சரிசெய்துவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எல்லை மீறி அழிந்த விவரம் எடிட்டிங்கில் திரும்பி வராது.

ஆனால் அந்த வேலையில் என்னை வியக்க வைத்தது வேறொன்று. முன்பக்கப் படங்களை முடித்து நான் விளக்கை அணைக்கப் போனபோது, பெரியவர் நகையைக் கவிழ்த்து வைத்தார். "முன்பக்கம் எல்லாரு நகையும் ஒண்ணுபோலத்தான் இருக்கும், பின்பக்கத்திலதான் வேலை தெரியும், அதையும் எடுங்க" என்றார். கொக்கி எப்படி இருக்கிறது, ஓரம் தேய்த்து மழுக்கப்பட்டிருக்கிறதா, ஆடும்போது தோலைக் கீறுமா, பட்டுச் சேலையில் மாட்டுமா என்பதை நடனம் தெரிந்தவர் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அன்று முதல் எல்லாச் செட்டுக்கும் பின்பக்கப் படமும், பக்கத்தில் அளவுகோல் வைத்த படமும் கொடுக்கிறேன். திரும்பி வரும் பார்சல் குறைந்தது. புதிய செட் முடிந்தவுடன் என்னைக் கூப்பிடுகிறார், வேலை முடிந்த அன்றே பணம் வருகிறது. நான் கேட்டு வாங்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

மற்றவையும் இதே கணக்குத்தான். 1820களில் நாகர்கோவிலில் மிஷனரிப் பெண்மணி ஒருவர் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய லேஸ் வேலை இன்னும் நம் ஊர்ப்பக்கம் நடக்கிறது. வெள்ளை லேஸை வெள்ளைத் துணிமேல் வைத்து நேர் வெளிச்சத்தில் எடுத்தால் துளைகள் எல்லாம் மறைந்துவிடும், சாம்பல் நிறப் பின்னணியும் பக்கவாட்டில் படுத்து வரும் வெளிச்சமும் வேண்டும். தேனுக்குப் பின்னாலிருந்து அளவுக்கு மீறி வெளிச்சம் பாய்ச்சினால் உண்மையைவிட வெளிறித் தெரியும், வாங்கியவர் குப்பியைக் கையில் எடுத்ததும் கலப்படமோ என்று சந்தேகப்படுவார். பெரிய இணைய அங்காடியில் விற்பவருக்கு முதல் படம் தூய வெள்ளைப் பின்னணியில், பொருள் படத்தின் 85 சதவீதத்தை நிரப்பும்படி இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. தோவாளை மாணிக்கமாலையை மட்டும் நான் மகிழ்ச்சிக்காகவே எடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்துக் கட்டி, மாணிக்கம் பதித்த பட்டைபோல ஆக்குகிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் குடை விளக்கைப் பிடிக்க ஓர் ஆள் தனியாக வேண்டும், அது வேறு செலவு.

உரிமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சிப்ஸ் செய்யும் ஒருவருக்கு நான் எடுத்துக் கொடுத்த படம் வேறொரு ஊரின் சிப்ஸ் பாக்கெட்டில் அச்சாகி வந்தது. பின்னணியில் இருந்த வாழை இலையின் கிழிசல்கூட அப்படியே இருந்தது. வழக்கறிஞர் நண்பரிடம் போனேன். 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17 ஆவது பிரிவை அவர் காட்டினார். ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அதாவது வழக்குப் போட வேண்டியவர் நானல்ல, சிப்ஸ்காரர். அவரோ, "போட்டும் மக்களே, அவன் நம்ம சிப்ஸுக்குத்தானே விளம்பரம் பண்ணுகான்" என்று சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. இப்போது என் கொட்டேஷனில் உரிமை என்னிடம் இருக்கும், உங்கள் பாக்கெட்டிலும் பட்டியலிலும் விளம்பரத்திலும் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கிறது, கையெழுத்தும் வாங்கிவிடுகிறேன். வக்கீல் வேலை பார்க்கிறான் என்று பின்னால் பேசுகிறார்கள், பேசட்டும்.

செயற்கை நுண்ணறிவில் அரை நிமிடத்தில் படம் கிடைக்கும்போது உன்னை யார் கூப்பிடுவார்கள் என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைக்காரர் கூப்பிடமாட்டார், அவரை நான் ஏற்கனவே கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் இல்லாத முந்திரிக்கொத்தின் படத்தைக் காட்டி விற்றவருக்கு, டப்பாவைத் திறந்தவுடன் துபாயிலிருந்து வாட்ஸ்ஆப்பில் வரும் வசவு என்னவென்று நான் கேட்டிருக்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை, நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யும், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்கும் பெட்டியை கேமராவோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவைப்படாது, அந்தக் கவலை உங்களுக்கு இப்போது வேண்டாம். கடன்தான் கடினம். சிறு பொருளை நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கக் கடன் கேட்டுப் போன ஒரு வங்கிக் கிளையில், என் பில்களையும் கணக்குப் புத்தகத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டுச் சம்பளச் சான்று கொண்டுவா என்றார்கள். எனக்குச் சம்பளம் தருபவன் நான்தான் என்றேன், சிரித்தார்கள். பெண் பார்க்கப் போன வீடுகளிலும் இதே கேள்விதான். மாப்பிள்ளை வளைகுடாவில் கட்டட மேஸ்திரியாக இருந்தால் வேலை, ஊரிலேயே சொந்தமாகப் படமெடுத்தால் பொழுதுபோக்கு. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுபோல் தோன்றலாம், ஆனால் தனியாகத் தொழில் தொடங்கும் முன் வீட்டில் சொல்லி வைக்க வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கே தொடங்குவது என்றால், கடைவீதியில் விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொண்டு நடக்காதீர்கள். சாயங்காலம் கூரியர் அலுவலகத்தில் பார்சல் பதிவு செய்யும் நேரத்தில் போய் நில்லுங்கள். வாரம் தவறாமல் பெட்டி கட்டிக்கொண்டு வருபவர் யார், உள்ளே என்ன இருக்கிறது என்பது சில நாட்களிலேயே தெரிந்துவிடும். அவரிடம் உங்கள் படங்களைக் காட்டாதீர்கள். மாதத்துக்கு எத்தனை பார்சல் திரும்பி வருகிறது என்று மட்டும் கேளுங்கள்.