வேலிக்குப் பின்னால் காடு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பர் புக்கிட் தீமாவில் ஒரு டெரஸ் வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. பின்வேலியைத் தாண்டினால் காடுதான். “அது அரசாங்க நிலம், அங்கே யாரும் எதுவும் கட்டமாட்டார்கள்” என்கிறார் முகவர். நம்பி வாங்கலாமா?

முகவர் சொன்னதில் முதல் பாதி சரியாகவே இருக்கட்டும். அதை வைத்து இரண்டாம் பாதியை நம்ப முடியாது. அரசாங்க நிலம் என்றால் நிலம் யாருடையது என்பது மட்டுமே தெரியும். அதில் நாளை என்ன வரும் என்பது வேறு விஷயம்.

சிங்கப்பூரில் சட்டப்படி இயற்கை வனப்பகுதி என்று பாதுகாக்கப்பட்டவை நான்கே நான்கு: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடார். உங்கள் வேலிக்குப் பின்னால் இருப்பது இவற்றில் ஒன்றா, அவற்றைச் சுற்றியுள்ள இயற்கைப் பூங்காவா, அல்லது மரம் மூடிக்கிடக்கும் காலி நிலமா? மூன்றும் சன்னலிலிருந்து பார்த்தால் ஒரே பச்சைதான். கிளமெண்டி காடு 1998 முதலும், டோவர் காடு 2003 முதலும் குடியிருப்புக்கென்று குறிக்கப்பட்ட நிலங்கள். டோவர் காட்டின் கிழக்குப் பாதியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகள் வரும் என்று 2021இல் அறிவிக்கப்பட்டபோது அக்கம்பக்கத்தார் பலர் அதிர்ந்துபோனார்கள். ஆனால் அரசாங்கத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடம் அதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

ஆகவே முதல் வேலை, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணைய வரைபடத்தில், எந்த நிலம் எதற்கு என்று காட்டும் பெருந்திட்டத்தைத் திறந்து, உங்கள் வீட்டை அல்ல, பின்னால் உள்ள நிலத்தைச் சொடுக்கிப் பாருங்கள். ‘குடியிருப்பு’ என்றோ ‘குடியிருப்பு, விரிவான திட்டமிடலுக்கு உட்பட்டது’ என்றோ இருந்தால், என்றைக்காவது அங்கே கட்டடம் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ‘ஒதுக்கீட்டு நிலம்’ என்றால் பயன்பாடு இன்னும் முடிவாகவில்லை. அது நல்ல செய்தி அல்ல, பதில் இல்லாத கேள்வி. ‘பூங்கா’ என்றிருந்தால் ஓரளவு நிம்மதி. அப்போதும், பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வுக்கு வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டை ஒட்டி நீளும் ஒடுங்கிய பச்சைப் பட்டையைப் பார்த்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது பெரும்பாலும் சாலைக்கோ வடிகாலுக்கோ ஒதுக்கிய நிலமாக இருக்கும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் சாலைக்கோட்டு வரைபடத்தையும், பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வடிகால் வரைபடத்தையும் வழக்கறிஞர் மூலம் வாங்கிப் பாருங்கள். சில வேளைகளில் அந்தக் கோடு நீங்கள் வாங்கும் மனைக்குள்ளேயே வந்திருக்கும். வந்தால் அந்தப் பகுதியில் சமையலறையை நீட்டிக் கட்ட முடியாது.

இதையெல்லாம் எப்போது செய்வது என்பதுதான் பலர் தவறவிடும் இடம். தனியார் மறுவிற்பனை வீட்டுக்கு ஆப்ஷன் (வீட்டை உங்களுக்கென்று பிடித்துவைக்கும் உரிமைப் பத்திரம்) கட்டணம் வழக்கமாக விலையில் 1 விழுக்காடு, அவகாசம் வழக்கமாக 14 நாள். வழக்கறிஞர் அனுப்பும் விசாரணைகளுக்கு அரசாங்கத் துறைகளின் பதில்கள் அதற்குப் பின்னும் வரலாம். “பதில்கள் திருப்தியாக இல்லாவிட்டால் வாங்குபவர் விலகலாம், பணம் திரும்ப வேண்டும்” என்ற நிபந்தனை ஆப்ஷனில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே வழக்கறிஞரைப் படிக்கச் சொல்லுங்கள். வரைபடம் பார்க்க அரை மணி நேரம் போதும். அதை ஆப்ஷன் வாங்குமுன் நீங்களே செய்துவிடலாம்.

கேள்வி: விற்பவர் பின்வேலிக்கு வெளியே இரண்டு மீட்டர் வரை தளம் போட்டு, வாழை வைத்து, சின்னக் கொட்டகையும் கட்டியிருக்கிறார். “இருபது வருஷமாக யாரும் கேட்கவில்லை” என்கிறார். அது எங்களுக்கு வருமா?

வராது. எத்தனை வருடம் யாரும் கேட்கவில்லை என்பதால் அரசாங்க நிலம் விற்பவருடையதாகிவிடாது. அரசாங்க நிலத்தில் அத்துமீறுவது குற்றம். நீங்கள் சாவி வாங்கிய பிறகு அதை அகற்றச் சொல்லும் கடிதம் உங்கள் பெயருக்கு வரும். அவர் தற்காலிகப் பயன்பாட்டு உரிமம் வைத்திருந்தாலும், அது வீட்டோடு சேர்ந்து கைமாறாது.

விலையையும் பாருங்கள். மனை ஆறு மீட்டர் அகலம் என்றால் அந்த இரண்டு மீட்டர் 12 சதுர மீட்டர், ஏறக்குறைய 129 சதுர அடி. சதுர அடி 1,800 வெள்ளி என்று பேசினால், விற்பவருக்குச் சொந்தமில்லாத இடத்துக்கு நீங்கள் 232,000 வெள்ளி கொடுக்கிறீர்கள். விளம்பரத்தில் உள்ள பரப்பளவை விட்டுவிட்டு, சிங்கப்பூர் நில ஆணையத்தின் இன்லிஸ் தளத்தில் உரிமைப் பத்திர விவரத்தை வாங்கி அந்தப் பரப்பளவில் கணக்குப் போடுங்கள். எல்லை எங்கே என்று சந்தேகமிருந்தால் பதிவுபெற்ற நில அளவையாளர் வந்து எல்லைக்குறிகளைக் காட்ட வேண்டும். வேலி நிற்கும் இடம் எல்லைக்கு ஆதாரம் ஆகாது. கொட்டகையையும் தளத்தையும் ஒப்படைப்புக்கு முன் விற்பவர் தம் செலவில் எடுத்துவிட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: பின்னால் சரிவு, அதைத் தாங்க ஒரு சுவர். என்ன பார்ப்பது?

அடைமழை பெய்த மறுநாள் போங்கள். வெயிலில் எல்லாச் சுவரும் நல்ல சுவராகத்தான் தெரியும். சுவரின் நீர்க்கசிவுத் துளைகளில் தெளிந்த நீர் வடிந்தால் நல்லது. கலங்கல் நீரும் மண்ணும் வந்தால் பின்னாலுள்ள மண் கரைந்து போகிறது. துளை காய்ந்திருக்க, சுவர் மட்டும் ஈரமாக இருந்தால் துளை அடைத்திருக்கிறது. தேங்கிய நீரின் எடை சுவரைத் தள்ளும். கிடையாக ஓடும் விரிசல், முன்பக்கம் சாய்வு, சுவருக்கும் தரைக்கும் இடையே புதிதாகத் திறந்த இடைவெளி ஆகிய மூன்றில் ஒன்றைக் கண்டாலும் பொறியாளரை அழையுங்கள். கட்டடங்களுக்கான கட்டாயக் காலமுறைப் பரிசோதனை தனிக் குடும்பங்கள் வாழும் தரைவீடுகளுக்குக் கிடையாது. எனவே “அரசாங்கம் சோதித்திருக்கும்” என்று நினைக்க வழியில்லை. சுவர் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதையும் அளவையாளரிடமே கேட்டுவிடுங்கள். உள்ளே என்றால் பழுதுச் செலவு உங்களுடையது.

கேள்வி: குரங்கு, பாம்பு வருமே?

வரும். அவற்றின் வீட்டருகே நாம்தான் குடிபோகிறோம். குப்பைத் தொட்டிக்குப் பூட்டும் மூடி போடுங்கள். மா, ரம்புத்தான், பலா பழுக்கும்முன் பறியுங்கள் அல்லது வலை கட்டுங்கள். மரநாய் கூரைக்குள் புகும் இடைவெளியை அடைக்குமுன் உள்ளே குட்டி இல்லை என்று உறுதி செய்யுங்கள். எலி இருந்தால் மலைப்பாம்பு வரும், ஆகவே இலைக்குவியலை விட்டுவைக்க வேண்டாம். வனவிலங்குக்கு உணவளித்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். பாம்பைக் கண்டால் விலகி நின்று தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி நிலையத்தை 1800-476-1600 எண்ணில் அழையுங்கள்.

கூரையோர மழைநீர் வடிகாலில் இலை தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். அதை அடிக்கடி சுத்தம் செய்ய ஏணி வைக்க இடம் உண்டா என்று வீடு பார்க்கும் அன்றே கவனியுங்கள்.