தமிழ்வழியில் படித்தவள், சட்டப் படிப்பை விட்டுவிடலாமா? – பதில்

தங்கச்சி, தருமபுரி அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறேன், பள்ளி முழுக்கத் தமிழ்வழி, மாதிரி நீதிமன்றப் போட்டியில் ஆங்கிலம் வராமல் பாதியில் நின்றுவிட்டேன், விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். நான் கிருஷ்ணகிரியில் பல வருடமாக ப்ராக்டிஸ் செய்கிறேன், இங்கே சாட்சி விசாரணையும் குறுக்கு விசாரணையும் பெரும்பாலும் தமிழில்தான். உயர் நீதிமன்றத்துக்கு ஆங்கிலம் வேண்டும், அதைப் பழகிக்கொள்ளலாம்.

தடுமாறியதற்கு மொழி மட்டுமா காரணம்? வழக்கின் விவரம் விரல் நுனியில் இருந்தால் நாக்கு தானாகத் திரும்பும். உங்கள் மாவட்டத்து வாச்சாத்தி வழக்கையே எடுங்கள். 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் நடத்திய வன்முறைக்கும் பாலியல் கொடுமைக்கும் 2011 செப்டம்பர் 29-ல்தான் தருமபுரியில் தீர்ப்பு வந்தது. குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி, 2023-ல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த மலைக்கிராமத்துப் பெண்களின் சாட்சியம் எப்படி அத்தனை வருடம் தாங்கி நின்றது என்று தீர்ப்பைப் படித்துப் பாருங்கள், எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். ஒரு நாள் அரசுத் தரப்பு, மறுநாள் எதிர்த்தரப்பு என்று ஐந்து நிமிடம் சத்தமாக வாதாடுங்கள், முதலில் தமிழில், அப்புறம் ஆங்கிலத்தில்.

பழைய நோட்ஸை நம்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடக்கும் கொலைக்குத் தண்டனை சொல்வது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-வது பிரிவு இல்லை, புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவு. தொழில் பழக ஒரு சீனியர் வக்கீலைத் தேடும்போது இங்கேயே எழுதுங்கள், பேசலாம்.