ஒரு டியூப், இரண்டு வெட்டு

வணக்கம் ஐயா,
துகள்களெல்லாம் நுண்ணிய இழைகளின் அதிர்வுகள் என்கிற இழைக் கோட்பாடு பற்றி நிறைய வீடியோ பார்க்கிறேன். ஈர்ப்பே இல்லாத ஒரு கேஜ் கோட்பாடும் (துகள்களுக்கு இடையிலான விசைகளை விவரிக்கும் வகை), ஈர்ப்பு உள்ள இழைக் கோட்பாடும் ஒன்றேதான் என்று 1997-ல் இயற்பியலாளர் மால்டசேனா சொன்னாராம். இரண்டில் எது நிஜம்? நிரூபித்துவிட்டார்களா? சித்தர்கள் இதை முன்பே சொன்னார்களா?
ஆர்., பொறியியல் மூன்றாம் ஆண்டு

அன்புள்ள தம்பி,

சித்தர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் பாட்டை உட்கார்ந்து படித்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். நிரூபணம் முழுமையாக இல்லை. போட்டுப் பார்த்த கணக்குகள் பொருந்துகின்றன. அது போதும் இப்போதைக்கு.

உங்கள் கடிதம் வந்தபோது நான் அப்பாவின் சைக்கிள் கடையை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒட்டு மேல் ஒட்டுப் போட்டு, இனி தாங்காது என்றான டியூபை அப்பா எறிய மாட்டார். குறுக்கே நறுக்கினால் வளையம் வளையமாக ரப்பர் பேண்ட். நீளவாக்கில் கிழித்தால் கேரியரில் மூட்டை கட்டுகிற வார். விரலெல்லாம் உள்ளே இருந்த வெள்ளைப் பவுடர்.

இழைக் கோட்பாட்டிலும் அப்படி ஒரு டியூப் உண்டு. திறந்த இழைகள் முனை ஊன்றுகிற தகடு போன்றவை பிரேன்கள். இரண்டு பிரேன்களுக்கு நடுவே டியூப் மாதிரி ஒரு பரப்பு. இழை நகர்ந்த தடம் அது. குறுக்கே வெட்டிப் பாருங்கள்: மூடிய வளையம் ஒன்று இந்தப் பிரேனிலிருந்து அந்தப் பிரேனுக்குப் போகிறது. மூடிய இழையின் அதிர்வுகளில் நிறையில்லாத, ஸ்பின் (துகளின் உள்ளார்ந்த சுழற்சியின் அளவு) 2 உள்ள ஒன்று கட்டாயம் இருக்கும். அதுதான் ஈர்ப்பைச் சுமக்கும் துகள், கிராவிட்டான். நீளவாக்கில் வெட்டுங்கள்: இரண்டு பிரேனிலும் முனை ஊன்றிய திறந்த இழை ஒரு சுற்று வருகிறது. அதன் நிறையில்லாத அதிர்வுக்கு ஸ்பின் 1, குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவானைப் போன்ற, விசையைச் சுமக்கும் கேஜ் துகள். டியூப் ஒன்று, விடையும் ஒன்று. மால்டசேனா பிரேன்களை அடுக்கி, குறைந்த ஆற்றலில் என்ன மிஞ்சுகிறது என்று இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் நான்கு பரிமாணக் கேஜ் கோட்பாடு. மறுபக்கம் வளைந்த வெளியில் ஈர்ப்பு.

வாரா, வளையமா, எது நிஜ டியூப் என்று கடையில் யாரும் கேட்டதில்லை. அப்பாதான் கேட்பார், "என்ன கட்டணும்?" அப்புறம்தான் கத்தரியை எடுப்பார். இங்கேயும் அதே. விசை வலுவானால் கேஜ் பக்கக் கணக்கு கைக்கு அடங்காது. அப்போது ஈர்ப்புப் பக்கம் எளிது. 2001-ல் அப்படித்தான் ஒரு கொதிக்கும் கேஜ் பிளாஸ்மாவின் (கேஜ் கோட்பாட்டுத் துகள்களின் சூடான குழம்பு) பிசுபிசுப்பைக் கருந்துளையை வைத்துக் கணக்கிட்டார்கள்.

இத்தனை வீடியோ பார்த்தீர்களே, ஒரு தாளிலாவது கணக்குப் போட்டீர்களா? கேட்டுக் கேட்டு வாயில் பெயர்கள்தான் தங்கும். திறந்த இழையின் அதிர்வுகளிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கணக்கு போதும் அதற்கு. போட்டு எனக்கு அனுப்புங்கள், தப்பாக இருந்தாலும் சரி.