டார்ச் பிடித்த பையன்

அன்புள்ள அண்ணா,

சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் 11 வருடமாக மெயின்டனன்ஸ் டெக்னீசியனாக இருக்கிறேன். போன மாதம் நைட் ஷிஃப்டில் ஒரு மெஷின் நின்றுவிட்டது. ஹெல்பர் பையன் டார்ச் பிடிக்க, பம்ப் மோட்டாரில் பியரிங் போயிருப்பதைக் கண்டுபிடித்து மாற்றினேன். ஷிஃப்ட் முடிந்தும் 3 மணி நேரம் நின்றேன். மீட்டிங்கில் மேனேஜர், தான் நின்று முடித்ததாகச் சொன்னார். அன்றிரவு அவர் வரவே இல்லை. அதே வாரம் 20 நிமிடம் லேட் என்று டிரெய்னிகள் முன்னால் கேவலமாகத் திட்டி மெமோ கொடுத்தார். இனி மெஷின் நின்றால், 'எனக்குத் தெரியாது' என்று சும்மா இருந்துவிடலாமா?

(பெயர் வேண்டாம்), ஓசூர்

அன்புள்ள தம்பி,

வேண்டாம். மேனேஜருக்காகச் சொல்லவில்லை. ஒரு வருடம் தெரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தால் நிஜமாகவே மறந்துபோகும். ஸ்க்ரூடிரைவர் நுனியை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்தி, உள்ளே கரகரவென்று எது உருள்கிறது என்று பிரித்துச் சொல்கிற காது 11 வருடத்தில் வந்தது. அது உங்கள் சொத்து.

அவர் திட்டியதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். வேலை பழக வந்த பிள்ளைகள் முன்னால் அவமானப்படுத்தியது கொடுமை.

மெஷின் நின்ற நிமிடங்களை எழுத ரிப்போர்ட்டில் கட்டம் இருக்கிறது. உங்களால் நிற்காமல் ஓடிய மாதங்களை எழுத இடமே இல்லை. அதனால் நீங்களே எழுதுங்கள். தேதி, நின்ற நேரம், பழுது, யார் யார் பார்த்தது, எத்தனை மணிக்கு ஓடியது, எல்லாம் லாக் புக்கில் இருக்கட்டும். சொந்த நோட்டிலும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் 9 மணி நேரத்தைத் தாண்டினால் இரட்டைச் சம்பளம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். அந்த 3 மணி நேரத்தைக் கேட்கப் போகும்போது கையில் கணக்கு வேண்டும்.

அப்புறம் ஒன்று. நானும் ஓசூரில் ஒரு டூல் ரூமில் 6 வருடம் இருந்தவன். ஒரு பெரியவர் செய்த ஜிக்கை, அதாவது வேலை நடக்கும்போது பாகத்தைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும் கருவியை, நம்பித்தான் அங்கே ஒரு லைன் முழுக்க ஓடியது. ஆடிட்டுக்கு வந்தவர் அதைத் தடவிப் பார்த்து, "யார் செய்தது?" என்றார். "எங்க டீம் சார்" என்றார் மேனேஜர். பெரியவர் நாலடி தள்ளி, காட்டன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். பக்கத்தில் இருந்த நான் வாயைத் திறக்கவில்லை. அவர் ரிட்டயர் ஆகி தர்மபுரி போய்விட்டார். அந்தக் கை துடைப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன், டார்ச் பிடித்த பையனின் பெயர் என்ன? உங்கள் கடிதத்தில் அது இல்லை. அடுத்த முறை லாக் புக் எழுதும்போது உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயரையும் எழுதுங்கள். அந்த ஸ்க்ரூடிரைவர் பிடியை ஒரு தடவை அவன் காதிலும் வைத்துக் காட்டுங்கள்.