எடை ஏன் நின்றது? அறுபதுக்கு மேல் மாவுச்சத்தைக் குறைத்தவர்களின் கேள்விகள்

முப்பது வருடம் உணவியல் ஆலோசகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வயது 66. நானும் மாவுச்சத்தைக் குறைத்துத்தான் சாப்பிடுகிறேன். எனக்கும் எடை நின்றிருக்கிறது. கேட்பவர்கள் வயது, இடுப்புச் சுற்றளவு, போடுகிற மாத்திரைகள் மூன்றையும் எழுதுங்கள். மாத்திரைப் பெயர் இல்லாவிட்டால் என் பதில் பாதிதான் சரியாக இருக்கும்.

மேடம், எனக்கு 63 வயசு. லோ கார்ப் ஆரம்பிச்சு ஏழு மாசம். 80 கிலோவிலிருந்து 70 வந்தேன். முதல் மாசமே 4 கிலோ போச்சு. இப்ப 9 வாரமா முள் அசையல. மாவுச்சத்து 40 கிராம் தாண்டுறதில்ல. எங்க தப்பு பண்றேன்?

தப்பு என்று ஏன் தொடங்குகிறீர்கள்? முதல் மாதக் கணக்கை முதலில் பார்ப்போம். மாவுச்சத்தைக் குறைத்ததும் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜன் இறங்கும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதுவும் கூடவே போய்விடும். அந்த 4 கிலோவில் நல்ல பங்கு தண்ணீர். அந்த வேகத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால் அதற்குப் பின் வருகிற எல்லா மாதமும் தோல்வியாகத்தான் தெரியும்.

அடுத்தது, சுமை குறைந்த உடம்பு குறைவாகவே செலவழிக்கும். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 20 முதல் 30 கலோரி செலவு இறங்குகிறது. பசியோ கிலோவுக்கு 100 கலோரி அளவுக்கு ஏறுகிறது என்று உடல் எடை ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் 2016 இல் கணக்கிட்டார்கள். 10 கிலோ குறைத்தவருக்கு இது எவ்வளவு பெரிய இழுபறி என்று போட்டுப் பாருங்கள். ஏழு மாதம் முன்பு எடையைக் குறைத்த அதே சாப்பாடு, இன்று எடையைத் தாங்கி நிறுத்துகிற சாப்பாடு ஆகிவிட்டது.

மூன்றாவது, கொழுப்பு. மாவுச்சத்தை எண்ணுகிறவர்கள் எண்ணெய், வெண்ணெய், பாலாடைக்கட்டி, கொட்டைகளை எண்ணுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. ஒரு வாரம் மட்டும் இவற்றைத் தராசில் வைத்து எழுதுங்கள். நான் அப்படிச் செய்த வாரத்தில், "ஒரு கைப்பிடி" என்று நம்பியிருந்த பாதாம் 58 கிராம் வந்தது, அதாவது 330 கலோரிக்கு மேல்! என் கை அவ்வளவு பெரியது என்று அன்றுதான் தெரிந்தது.

கடைசியாகப் புரதம். சிறுநீரகக் கோளாறு இல்லாத மூத்தவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது பரிந்துரை. உங்களுக்கு 70 முதல் 84 கிராம். அதை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். இடுப்பை அளந்து வையுங்கள். மாத்திரைகளை நீங்கள் எழுதவில்லை.

10 நாளா எடை குறையல, என்ன செய்யலாம்?

காத்திருக்கலாம். உப்பும் மலச்சிக்கலும் மட்டுமே ஒன்றரைக் கிலோவை மறைக்கும். ஆறு வாரம் கழித்து வாருங்கள்.

வயது 68, ஆண். சர்க்கரைக்கு டபாகிளிஃப்ளோசின், கிளிமிபிரைடு எடுக்கிறேன். எடை நின்றுவிட்டதால் நாளை முதல் மாவுச்சத்தை 20 கிராமாகக் குறைத்து, வாரம் இரண்டு நாள் முழு விரதமும் இருக்கலாம் என்று திட்டம். உங்கள் கருத்து?

ஐயா, நாளை முதல் வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் பேசிய பிறகுதான். கிளிமிபிரைடு நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும்; விரத நாளில் சர்க்கரை தரைமட்டத்துக்குப் போய் மயங்கி விழலாம். டபாகிளிஃப்ளோசின் விஷயம் இன்னும் நுட்பமானது. அந்த வகை மாத்திரையோடு மாவுச்சத்தை வெட்டினால் இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இருக்கும், அதனால் வீட்டில் குத்திப் பார்த்து "நார்மல்" என்று இருந்துவிடுவார்கள். 2015 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதை எச்சரித்தது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் சர்க்கரை எண் என்னவாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்களும் இதைப் படியுங்கள். உப்பும் நீரும் வெளியேறும்போது பழைய டோஸ் அதிகமாகிவிடும். எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா? டோஸைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அறுபதில் ஒரு இடுப்பெலும்பு முறிவு, ஐந்து கிலோ எடையை விட ஆயிரம் மடங்கு மோசம்.

வயசானா மெட்டபாலிசம் செத்துடும், அதான் குறையல என்று ஜிம் பையன் சொல்றான். உண்மையா அக்கா?

பையன் பாதி சரி. 2021 இல் வெளியான பெரிய ஆய்வு, 29 நாடுகளில் 6,400 பேருக்கு மேல் அளந்தது. உடல் அளவைக் கணக்கில் எடுத்தால் 20 முதல் 60 வயது வரை ஆற்றல் செலவு சமமாகவே இருந்தது. அறுபதுக்குப் பிறகு ஆண்டுக்கு 0.7 சதவீதம் போலக் குறைந்தது. சாவு இல்லை, மெல்லிய சரிவு. அதைவிட என்னை உறுத்துவது தசை. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகிறது, திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்புதான் வருகிறது.

2017 இல் பருமனான மூத்தவர்கள் 160 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. எடை குறைத்துக்கொண்டே நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடையில் 5 சதவீதம் இழந்தார்கள். பளு தூக்கியவர்கள் 2 சதவீதம். இடுப்பெலும்பு அடர்த்தியும் பளு தூக்கியவர்களுக்கே அதிகம் மிஞ்சியது. நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பாருங்கள். அரை நிமிடத்தில் எத்தனை முறை முடிகிறது? எனக்கு அந்த எண் எடையை விட முக்கியம். அந்தப் பையனிடம் பளு தூக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள், உருப்படியான வேலை.

நான் 71. நாலு வருஷமா கலோரி எண்ணினதே இல்ல, 18 கிலோ குறைஞ்சேன். நீங்க இன்னும் கலோரி கணக்கு சொல்றது ஆச்சரியமா இருக்கு. இன்சுலின் இறங்கினா கொழுப்பு தானா கரையும். வெண்ணெய் எவ்வளவு சாப்பிட்டாலும் சரி.

உங்கள் 18 கிலோவுக்கு என் வணக்கம். ஆனால் "எவ்வளவு சாப்பிட்டாலும்" என்ற வார்த்தையைத்தான் என்னால் விட முடியவில்லை. உடம்பு கொழுப்பை எரிக்கிறது, சரி. எந்தக் கொழுப்பை? தொப்பையில் இருப்பதையா, காலையில் தின்ற வெண்ணெயையா?

அதே ஹால் குழு 2021 இல் 20 பேரை ஆய்வகத்திலேயே தங்க வைத்தது. இரண்டு வாரம் மாவுச்சத்து மிகக் குறைந்த, கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு, இரண்டு வாரம் கொழுப்புக் குறைந்த உணவு, பசிக்கேற்ப எவ்வளவு வேண்டுமானாலும். இன்சுலின் கூடுதலாக ஏறிய கொழுப்புக் குறைந்த உணவில்தான் நாளைக்கு 690 கலோரி போலக் குறைவாகச் சாப்பிட்டார்கள். உடல் கொழுப்பு கவனிக்கும்படி இறங்கியதும் அதில்தான்.

அதே நபர்: ரெண்டு வாரம் ஒரு ஆய்வா? எனக்குப் பசியே போயிடுச்சு, அதுக்கென்ன சொல்றீங்க?

இரண்டு வாரம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஓராண்டு ஆய்வு வேண்டுமா? 2018 இல் 609 பேர். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரி 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். உங்களுக்குப் பசி போனது உண்மை. பசி போனதால் குறைவாகச் சாப்பிட்டீர்கள், குறைவாகச் சாப்பிட்டதால் குறைந்தீர்கள். எண்ணாமலே கணக்கு சரியாக வந்திருக்கிறது. எல்லோருக்கும் அப்படி வருவதில்லை.

நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். அப்ப நான் 1100 கலோரி எழுதி வச்சு சாப்பிட்டும் ஏன் குறையல?

1992 இல் உங்களைப் போலவே சொன்ன 10 பேரைத் துல்லியமாக அளந்தார்கள். எழுதியதைவிட உண்மையில் தின்றது மிக அதிகம். சராசரியாக 47 சதவீதம் குறைத்து எழுதியிருந்தார்கள். பொய் என்று சொல்லவில்லை, என் பாதாமும் பொய் சொல்லவில்லை. தராசு வாங்குங்கள்.

அதே 71: தராசு வச்சு சாப்பிடறது ஒரு வாழ்க்கையா?

ஒரு வாரம்தான் ஐயா. 1862 இல் பான்டிங் என்ற லண்டன்காரர் அறுபதைத் தாண்டிய வயதில் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீரை விட்டு ஓராண்டில் 21 கிலோ குறைத்தார். கலோரி எண்ணவில்லை, உங்கள் கட்சிதான். ஆனால் ஒவ்வொரு வேளையும் எத்தனை அவுன்ஸ் இறைச்சி என்று எழுதி வைத்திருந்தார், என் கட்சியும்தான். இந்த வாதத்தை இதோடு விடுவோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

36 மணி நேர விரதம் இருந்தா தேக்கம் உடையுமா?

மேலே 68 வயதுக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

கீட்டோ ஸ்ட்ரிப்ல கலர் வரல, கொழுப்பு கரையலையா?

கொழுப்பு எரியும்போது உருவாகும் கீட்டோனில் சிறுநீரில் தப்பிப் போவதைத்தான் அது காட்டும். உடம்பு பழகிய பின் நிறம் மங்கும். காசை மிச்சப்படுத்துங்கள்.

72 மணி நேர விரதம்?

வேண்டாம்.

எங்கம்மாவுக்கு 74. மூணு மாசம் நின்ன எடை, எதையும் மாத்தாமலே ரெண்டு மாசத்துல 5 கிலோ குறைஞ்சிடுச்சு. தேக்கம் உடைஞ்சுதுன்னு சந்தோஷமா இருக்காங்க. அடுத்து என்ன செய்யணும்?

இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்த வயதில் காரணமில்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் குறைந்தாலே பரிசோதிக்க வேண்டும். தைராய்டு, சர்க்கரை, பல், விழுங்குவதில் சிரமம், மனச்சோர்வு, புற்றுநோய், எல்லாம் பார்க்க வேண்டியவை. பயமுறுத்தவில்லை, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

மேடம், முதல்ல கேட்ட 63 வயசுதான் நான். மாத்திரை எழுத மறந்துட்டேன். கால் எரிச்சலுக்கு பிரிகாபலின் குடுத்திருக்காங்க, பதினோரு வாரம் ஆச்சு. வேற ஒண்ணும் இல்ல. இடுப்பு 91 செ.மீ.

பதினோரு வாரமாக மாத்திரை, ஒன்பது வாரமாக எடை நிற்கிறது. எடை ஏற்றக்கூடிய மருந்துகளில் பிரிகாபலினும் ஒன்று; சிலருக்குப் பசியைக் கூட்டும், சிலருக்கு நீர் கோத்துக்கொள்ளும். நான் உங்களுக்கு எழுதிய நீண்ட பதிலில் முதலில் வந்திருக்க வேண்டியது இதுதான். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சட்டென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், பதற்றம் வரும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இந்த இரண்டு தேதிகளையும் காட்டி, டோஸைக் குறைக்கவோ வேறு மாத்திரைக்கு மாறவோ வழி உண்டா என்று கேளுங்கள். கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? அதையும் பார்த்து எழுதுங்கள்.