காட்டில் கட்டணமில்லாமல் டென்ட் போடுவது எப்படி? வாசகர் கேள்வி–பதில்

அமெரிக்க தேசிய வனங்களில் இலவசமாகத் தங்குவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: முன்பதிவுத் தளத்தில் எல்லா கேம்ப்கிரவுண்டும் நிரம்பிவிட்டது. தேசிய வனத்தில் எங்கே வேண்டுமானாலும் டென்ட் போடலாம், பணமே தேவையில்லை என்கிறார் நண்பர். நம்பலாமா? (டாலஸ் வாசகர்)

பாதி நம்பலாம். பணம் தேவையில்லை என்பது பெரும்பாலும் சரி. எங்கே வேண்டுமானாலும் என்பதுதான் வம்பில் மாட்டிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்கா வேறு, தேசிய வனம் வேறு. பூங்காக்கள் உள்துறையின் கீழ் வருபவை. அங்கே கேம்ப்கிரவுண்டிலோ, அனுமதிச்சீட்டுடன் உட்காட்டிலோதான் தங்க முடியும். வனங்கள் வேளாண்துறையைச் சேர்ந்த ஃபாரஸ்ட் சர்வீஸின் பொறுப்பு. நாடெங்கும் 154 வனங்கள் உண்டு. இவற்றில் கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே தங்குவதை டிஸ்பர்ஸ்டு கேம்பிங் என்கிறார்கள். குழாய், கழிப்பறை, மேசை, குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது. கட்டணம் இல்லாததற்குக் காரணமும் அதுதான்.

ஒரே இடத்தில் 14 நாள் என்பது பரவலான வரம்பு. ஆனால் கூட்டம் அதிகமான இடங்களில் இதைக் குறைத்துவிடுவார்கள். வயோமிங்கில் ஜாக்சன் ஊரை ஒட்டிய பிரிட்ஜர்-டீட்டன் வனப் பகுதிகளில் கோடையில் 5 நாள்தான். தெற்குக் கலிபோர்னியாவிலும் வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களிலும் சில இடங்களில் வண்டி நிறுத்த ஒரு நாளுக்கு 5 டாலர் பாஸ் கேட்பார்கள். அது அந்த இடத்து வசதிகளுக்கான கட்டணம், டென்ட்டுக்கு அல்ல.

கேள்வி: செயலிகளில் தேடினால் எல்லோருக்கும் தெரிந்த அதே நாலு இடங்கள்தான் வருகின்றன. போய்ப் பார்த்தால் கார் நிறுத்தக்கூட இடமில்லை. சொந்தமாகக் கண்டுபிடிக்க வழி என்ன? (சியாட்டில் வாசகி)

இடத்தைத் தேடாமல் சாலையைத் தேடுங்கள். செயலியில் குத்தியிருக்கும் புள்ளி, யாரோ ஒருவர் என்றைக்கோ ஓரிரவு தங்கிய இடம். இன்றைக்கு அங்கே தங்க அனுமதி உண்டா என்பது அந்தப் புள்ளிக்குத் தெரியாது.

சட்டப்படி செல்லுபடியாகும் தாள் ஒன்று உண்டு: மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப், சுருக்கமாக எம்.வி.யூ.எம். எந்தெந்தச் சாலையில் எந்த வண்டி போகலாம் என்பதை ஒவ்வொரு வனமும் இதில் காட்ட வேண்டும் என்பது 2005-இல் வந்த விதி. இந்த வரைபடத்தில் இல்லாத சாலை, கண்ணெதிரே அகலமாகத் திறந்து கிடந்தாலும், வண்டிக்கு மூடிய சாலைதான். கேட் இல்லையே, போர்டு இல்லையே என்று வாதாட முடியாது. வனத்தின் இணையதளத்தில் பி.டி.எஃப். ஆகவும், ரேஞ்சர் அலுவலகத்தில் அச்சிட்ட தாளாகவும், அவென்ஸா செயலியில் ஜி.பி.எஸ்.ஸுடனும் இலவசமாகக் கிடைக்கிறது. சிக்னல் இல்லாத இடத்தில் அவென்ஸாதான் கைகொடுக்கும். ஆனால் வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ள வேண்டும்.

பல வனங்களில் கறுப்பு வெள்ளையில் இருக்கும் அந்தத் தாள் முதல் பார்வைக்கு எரிச்சலூட்டும். அப்படிப்பட்ட தாளில் மேடு பள்ளம் எதுவும் தெரியாது. நீங்கள் தேட வேண்டியது ஒன்றைத்தான்: சாலைக்கோட்டை ஒட்டி வரிசையாகப் போகும் சின்னச் சின்னப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் போகும் நீளம் முழுவதும், தங்குவதற்காகச் சாலையை விட்டு வண்டியை உள்ளே ஓட்டிப்போகலாம். எவ்வளவு தூரம் என்பது வனத்துக்கு வனம் மாறும். ஓரிடத்தில் 150 அடி, இன்னோரிடத்தில் 300 அடி என்று அதே தாளின் குறிப்பில் இருக்கும். புள்ளி இல்லாத சாலையானால், பொதுவாக ஓரத்தில் ஒரு வண்டி நீளத்துக்குள் நிறுத்திவிட்டு டென்ட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அதற்கும் தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாளின் ஓரத்து அட்டவணையையும் விட்டுவிடாதீர்கள். பனிக்காலத்தில் மூடும் சாலைகளுக்குத் திறக்கும் நாளும் மூடும் நாளும் சாலை எண்ணோடு அங்கேதான் இருக்கும். மே மாதம் ஆசையாகக் கிளம்பி, பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த அட்டவணையைப் பார்க்காதவர்கள்.

புள்ளியிட்ட சாலை ஒன்றைப் பிடித்த பிறகு, அதே நீளத்தைச் செயற்கைக்கோள் படத்தில் மெதுவாகப் பாருங்கள். சாலையிலிருந்து பிரிந்து சட்டென்று முடிந்துவிடும் குட்டித்தடமும், அதன் நுனியில் புல் முளைக்காத வட்டமும் தெரிந்தால் அது பலர் தங்கிய பழைய இடம். புதிதாகப் புல்லை மிதித்து இடம் பண்ணுவதைவிட இப்படிப்பட்ட இடத்தில் தங்குவதைத்தான் ஃபாரஸ்ட் சர்வீஸும் விரும்புகிறது. அடுத்து உயரக்கோட்டு வரைபடம். கோடுகள் நெருக்கமாக இருந்தால் அங்கே படுக்க முடியாது, உருளத்தான் முடியும்.

கிழக்கு மாநிலங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்குள்ள வனங்களில் பெரும்பகுதி 1911-ஆம் ஆண்டின் வீக்ஸ் சட்டத்துக்குப் பிறகு தனியாரிடமிருந்து துண்டு துண்டாக வாங்கியவை. வன எல்லைக்குள்ளேயே தனியார் நிலம் திட்டுத்திட்டாகக் கிடக்கும். கையா, ஆன்எக்ஸ் போன்ற செயலிகளில் நில உரிமை அடுக்கைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். டெக்சஸ், மிசௌரி மாநிலங்களில் மரத்தில் ஊதா வண்ணப் பட்டை கண்டால் நில்லுங்கள். அத்துமீறி நுழையாதே என்ற போர்டுக்கு அது சமம்.

கடைசியாக ரேஞ்சர் அலுவலகத்துக்கு ஒரு போன். வார இறுதியில் பல அலுவலகங்கள் மூடியிருக்கும், ஆகவே வியாழனுக்குள் பேசிவிடுங்கள். "நல்ல இடம் எது?" என்று கேட்டால் எல்லோருக்கும் சொல்லும் பதில்தான் வரும். "இந்த எண் சாலை திறந்திருக்கிறதா, போன மழைக்குப் பிறகு சாதாரண கார் போகுமா, தீத்தடை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கரடிக்கு எட்டாமல் உணவைப் பாதுகாக்கும் ஆணை உண்டா?" என்று கேளுங்கள். ஒன்றுக்கு மூன்று இடமாகக் குறித்துக்கொண்டு, மாலை 3 மணிக்குள் போய்ச் சேருங்கள். இருட்டில் தேடுகிறவருக்குத்தான் சரிவும் சேறும் வாய்க்கும்.

கேள்வி: வட கரோலினாவின் பிஸ்கா வனத்தில் சாலையோரம் தங்கலாமா? (ஷார்லட் வாசகர்)

நினைத்த இடத்தில் கூடாது. அங்கே சாலையிலிருந்து 1,000 அடிக்குள் தங்க வேண்டுமானால், குறித்துவைத்த இடங்களில் மட்டும்தான் முடியும். வேறெங்கும் தங்க ஆசைப்பட்டால் அந்தத் தூரத்தைத் தாண்டி நடந்தாக வேண்டும். பக்கத்தில் போகும் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே பூங்காத் துறையைச் சேர்ந்தது. அதன் ஓரத்தில் டென்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி: எங்களிடம் இருப்பது சாதாரண செடான். காட்டுச்சாலையில் ஓட்டலாமா? (அட்லாண்டா வாசகி)

சாலை எண்ணை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எண் படுக்கைவாட்டில் இருந்தால் பொதுவாகக் காருக்குத் தோதான சாலை. கம்பத்தில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செங்குத்தாக இருந்தால், அடிப்பாகம் உயரமான வண்டிக்கான சாலை, திரும்பிவிடுங்கள். எம்.வி.யூ.எம். ஒரு சாலையை எல்லா வண்டிக்கும் திறந்ததாகக் காட்டுகிறது என்றால் போக அனுமதி உண்டு என்றுதான் அர்த்தம். உங்கள் காரால் முடியுமா என்பதை அது சொல்வதில்லை. பலர் சறுக்குவது இங்கேதான்.

கூர்க்கற்களில் டயரின் பக்கச்சுவர் கிழியும், அதை ஒட்டுப்போட முடியாது. ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்று ஊரிலேயே பார்த்துவிடுங்கள். பாதி டாங்க் குறைந்தால் பெட்ரோல் போடுங்கள். மணிக்கு 15 மைல் வேகம் என்று கணக்கிட்டால் ஏமாற்றம் இருக்காது. கிளைத்தடத்தில் நுழையும் முன் இறங்கி நடந்து, வண்டியைத் திருப்ப உள்ளே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக் காரானால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தார்போடாத சாலையில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்ற வரி பல ஒப்பந்தங்களில் இருக்கும்.

கேள்வி: கிராண்ட் கேன்யன் போகிறோம். பக்கத்தில் இலவச இடம் உண்டா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

தெற்கு விளிம்பை ஒட்டியே கைபாப் தேசிய வனம் இருக்கிறது. டுசாயான் ஊரின் தெற்கில் 64-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் 302-ஆம் எண் வனச்சாலைதான் பலரும் போவது. அங்கே கூட்டமாக இருந்தால் இன்னும் உள்ளே போங்கள், முதல் மைலில் இருக்கும் நெரிசல் போகப்போகக் குறையும். அரிசோனாவில் ஒரு சட்டம் உண்டு: வனவிலங்குகளும் கால்நடைகளும் நீர் குடிக்கும் குட்டை, தொட்டிகளிலிருந்து கால் மைலுக்குள் தங்கக் கூடாது. மனிதவாடை இருந்தால் அவை தண்ணீருக்கு வராது. அந்த வறண்ட காட்டில் அவற்றுக்கு வேறு தண்ணீரும் இல்லை.

அரிசோனாதானே என்று மெல்லிய போர்வையோடு போகாதீர்கள். உயரம் சுமார் 7,000 அடி, ஜூன் மாத இரவும் குளிரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழை பெய்தால் மண்சாலை களியாகி டயரில் அப்பிக்கொள்ளும். அப்போது வண்டியைக் கிளப்ப முயல்வதைவிட, காயும்வரை காத்திருப்பதே மேல்.

செடோனாவுக்கும் சேர்த்துத் திட்டமிட்டால் கவனம். அது கோகோனினோ வனம். ஊரைச் சுற்றிக் குறித்துவைத்த பகுதிகளில்தான் தங்க விடுகிறார்கள்.

கேள்வி: கேம்ப்ஃபயர் போடலாமா? கேஸ் அடுப்புக்குமா அனுமதி வேண்டும்? (சான் ஹோசே வாசகி)

கலிபோர்னியாவில் வேண்டும். கேம்ப்கிரவுண்டுக்கு வெளியே கேஸ் அடுப்பைப் பற்றவைக்கவும் கேம்ப்ஃபயர் பெர்மிட் கையில் இருக்க வேண்டும். இணையத்தில் சின்ன வீடியோ பார்த்து, சில கேள்விகளுக்கு விடை சொன்னால் இலவசமாகக் கிடைக்கும். அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை செல்லும்.

பெர்மிட் இருந்தாலும் தீத்தடை வந்துவிட்டால் தடைதான் பெரிது. மேற்கு மாநிலங்களில் முதல் கட்டத் தடையின்போது கேம்ப்கிரவுண்டுகளில் அரசு அமைத்த தீவளையத்தில் மட்டும் விறகு எரிக்கலாம். டிஸ்பர்ஸ்டு இடத்தில் யாரோ கல் அடுக்கிச் செய்த வளையம் அந்தக் கணக்கில் வராது. இரண்டாம் கட்டத்தில் விறகுத்தீ எங்குமே கிடையாது. திருகினால் அணையும் வால்வு உள்ள கேஸ் அடுப்பை இரண்டிலும் பெரும்பாலும் விடுகிறார்கள். கரி அடுப்புக்கு அந்தச் சலுகை இல்லை.

அணைக்கும்போது மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போவதுதான் அதிகம் நடக்கும் தவறு. உள்ளே கனல் வேரைப் பிடித்துக்கொண்டு புகைந்து, சில நாள் கழித்து வேறிடத்தில் தலைகாட்டும். தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இன்னும் அணையவில்லை. இதற்கென்றே 5 காலன் தண்ணீர் தனியாக வேண்டும். அவ்வளவு கொண்டுபோக முடியாதென்றால் தீயே மூட்டாதீர்கள். ஊரிலிருந்து விறகும் கொண்டுபோகாதீர்கள், மரம் துளைக்கும் பூச்சிகள் அதோடு பயணம் போகும்.

கேள்வி: தண்ணீர், கழிப்பறைக்கு என்ன செய்வது? (நியூ ஜெர்சி வாசகி)

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளுக்கு 1 காலன். ஓடைநீரானால் நுரைத்துக் கொதித்தபின் 1 நிமிடம், 6,500 அடிக்கு மேலே 3 நிமிடம். வடிகட்டி வைத்திருந்தால் உறைபனி இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருக்கும் நீர் உறைந்தால் நுண்குழல்கள் வெடித்துவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

கழிப்புக்குச் சின்ன மண்வெட்டி. தண்ணீர், நடைபாதை, டென்ட் மூன்றிலிருந்தும் 200 அடி, அதாவது பெரியவர் நடையில் ஏறக்குறைய 70 எட்டு தள்ளி, 6 முதல் 8 அங்குல ஆழக் குழி. அதற்கும் ஆழமாகத் தோண்டினால் மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் குறைவு, மேலாகத் தோண்டினால் விலங்கு கிளறும். டிஷ்யூவைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: கரடி வந்தால்? (டென்வர் வாசகர்)

வராமலிருக்கச் செய்வதுதான் வேலை. சமையல் ஓரிடம், தூக்கம் அங்கிருந்து 100 கஜம் தள்ளி. பற்பசை, சோப்பு, குப்பை எல்லாமே கரடிக்குச் சாப்பாடுதான். யெல்லோஸ்டோனைச் சுற்றியுள்ள வனங்களில் இவற்றைப் பூட்டிய காரில் வைக்கலாம். அல்லது தரையிலிருந்து 10 அடி உயரத்தில், மரத்திலிருந்து 4 அடி விலக்கித் தொங்கவிட வேண்டும். ஆனால் சியரா நெவாடாவில் கார்க்கதவைப் பிய்க்கப் பழகிய கரடிகள் உண்டு, அங்கே முகாமில் வைத்திருக்கும் இரும்புக் கரடிப்பெட்டியோ, கரடியால் திறக்க முடியாத கேனிஸ்டர் டப்பாவோதான் சரி. ஒரே நாட்டில் இரண்டு விதம், என்ன செய்ய?

கேள்வி: இருபது குடும்பமாகச் சேர்ந்து போகிறோம். (சிகாகோ வாசகர்)

தலையை எண்ணுங்கள். 75 பேர் ஆகிவிட்டால், இலவசமாகவே போனாலும் குழுவுக்கான அனுமதி வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. அதற்குக் கீழே இருந்தாலும் இருபது குடும்பம் ஒரே திறந்தவெளியில் இறங்கினால் ஒரு வார இறுதியிலேயே புல் செத்துவிடும். கழிப்பறை உள்ள குரூப் கேம்ப்கிரவுண்டை வாடகைக்கு எடுப்பதுதான் உங்களுக்கு ஏற்றது.

கேள்வி: நவம்பரில் சாம் ஹூஸ்டன் வனம் எப்படி? (ஹூஸ்டன் வாசகி)

அது மான் வேட்டைப் பருவம். அப்போது அந்த வனத்தில் குறித்துவைத்த முகாம்களில்தான் தங்கலாம். நினைத்த இடத்தில் டென்ட் போடும் சுதந்திரம் பருவம் முடிந்த பிறகுதான். காட்டுக்குள் நடந்தால் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேற்சட்டையும் தொப்பியும் குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் போட்டுவிடுங்கள்.